அவன் சமைக்க மட்டும் வந்த வருடம்

கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாடுவதைப் பற்றி என்னிடம் கேட்க வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்றுதான். முதலில் ஒரு நல்ல இரும்புச் சட்டி வாங்குங்கள் என்பேன். அவர்களுக்கு அந்தப் பதில் பிடிப்பதில்லை. சுட்டதைச் சமைக்கத் தெரியாதவன் சுடவே கூடாது என்பது என் கட்சி. கொன்றால் பாவம் தின்றால் போச்சு என்று நம்மூரில் சொல்வார்கள். தின்ன முடியாதபடி தீய்த்து வைத்தால் பாவம் எங்கே போகும்? அங்கேயேதான் நிற்கும்.

அடுத்தது தூரம். டெக்சாஸில் ரைபிள் வைத்திருப்பவர்கள் எட்டாத தூரத்தில் நிற்கும் மானைச் சாய்த்துவிட்டு வந்து பெருமையடிப்பார்கள். ரிவால்வர்காரனுக்கு அந்தப் பவிசு கிடையாது. விருந்துக்கு வாங்கும் காகிதத் தட்டு ஒன்றை மரத்தில் மாட்டுங்கள். தரையில் உட்கார்ந்து, இரண்டு குச்சிகளைப் பெருக்கல் குறி போல் கட்டி அதன் மேல் கையைத் தாங்கிச் சுடுங்கள். எந்தத் தூரத்திலிருந்து எல்லாக் குண்டும் தட்டுக்குள்ளேயே விழுகிறதோ, அதுதான் உங்கள் தூரம். அதற்கு ஒரு அடி தள்ளி எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு ராஜாவே வந்து நின்றாலும் அது உங்கள் மான் இல்லை. பார்த்துக் கும்பிட்டு அனுப்பிவிட வேண்டும்.

இன்னொன்று, வெடிச் சத்தத்துக்குப் பயந்து கை தன்னாலேயே கீழே இறங்கும். எனக்கு அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தது, எனக்கே தெரியாது. அதைக் கண்டுபிடித்தவன் என் நண்பன். அவன் என் ரிவால்வரை வாங்கி, சில அறைகளில் குண்டும் சில அறைகளில் ஏற்கெனவே சுட்டுத் தீர்ந்த வெறும் கூடுமாகக் கலந்து போட்டுக் கொடுத்தான். வெறும் கூடு வந்தபோது துப்பாக்கி வெடிக்கவில்லை, ஆனால் என் கை மட்டும் பயந்த கோழியாட்டம் குனிந்தது. அவன் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அந்த நண்பனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். துப்பாக்கியும் சட்டியும் இல்லாமல் அவனைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் ஹூஸ்டனில், எண்ணெய்க் கிணறுகளுக்கு வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர்கள். எனக்குத் தாராபுரம் பக்கம், அவனுக்குக் கோபி பக்கம். உறவு எதுவும் இல்லை. அவன் மனைவி என்னை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அந்தக் கணக்கில் அவனும் நானும் மாப்ள ஆகிவிட்டோம். நான் அவளை அம்மிணி என்பேன். அவளுக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாது. தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுக்கும் புடவையை அன்றே கட்டிக்கொள்வாள்.

வேட்டைக்கு நாங்கள் வந்தது தற்செயல். ஆபீஸில் ஒரு அமெரிக்கர் வேறு மாநிலத்துக்குப் போகும்போது, மலைப்பக்கத்து ராஞ்ச் ஒன்றில், அதாவது மாட்டுப் பண்ணையில், தனக்கிருந்த வேட்டை லீஸை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். லீஸ் என்றால், நிலத்துக்காரரிடம் அந்தப் பருவத்துக்கு மட்டும் வேட்டையாடும் உரிமையை வாங்கிக்கொள்வது. நான்கு மணி நேரம் டிரைவ் பண்ணிப் போனால், சுண்ணாம்புப் பாறையும், அடர்ந்த சீடர் புதரும், மெஸ்கீட் மரமும். மெஸ்கீட் வேறு ஒன்றுமில்லை, நம்மூர் சீமைக்கருவேலத்தின் பங்காளிதான். அதைப் பார்த்த முதல் நாளே அவன், “அடப்பாவி, இங்கயுமா வந்துட்டே?” என்று மரத்தைப் பார்த்துக் கேட்டான். அந்தப் புதருக்குள் எதுவும் கல்லெறி தூரத்துக்கு மேல் கண்ணில் படாது. ரைபிளுக்கு அங்கே வேலையில்லை. அப்படித்தான் கைத்துப்பாக்கி வந்தது.

சுடுவதில் நான் அவனைவிட ஒரு மாற்று அதிகம். சமையலில் அவன் பக்கத்தில் நான் நிற்கக்கூட முடியாது. மான் கறியில் கொழுப்பே இருக்காது. அதை வெள்ளாட்டுக் கறி மாதிரி நினைத்துச் சமைத்தால் செருப்புத் தோல்தான் மிஞ்சும். முதுகுத்தண்டை ஒட்டி ஓடும் மெத்தென்ற கறியை மெல்லிசாகக் கீறி, நல்லெண்ணெய் காய்ந்ததும் போட்டு, மிளகைத் தட்டித் தூவி, நிறம் மாறியதும் இறக்கிவிடுவான். தொடைக் கறிக்கு நேரெதிர் வைத்தியம். சின்ன வெங்காயம், வரமிளகாய், கொத்தமல்லி விதை, தேங்காய்ச் சில்லு எல்லாம் போட்டு, சட்டியை மூடி, மூடியின் மேலும் தணலை அள்ளி வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். திறந்து திறந்து பார்த்தால் அவனுக்குக் கோபம் வரும். “என்னமோ உள்ள குஞ்சு பொரிக்கிறாப்ல ஏன் எட்டி எட்டிப் பாக்கறே?” என்பான். எரியும் நெருப்பில் சட்டியை வைக்கவே விடமாட்டான். கட்டை எரிந்து தணிந்து சிவந்த தணலாகும்வரை பசியோடு உட்கார வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்பது வேட்டைக்குச் சொன்னதா அடுப்புக்குச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

காலையில் அரிசிம்பருப்பு. ஒரே சட்டியில் அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும். பக்கத்து லீஸ் வெள்ளைக்காரர்கள் டப்பாவில் அடைத்த பீன்ஸைச் சூடு பண்ணிக்கொண்டிருப்பார்கள். எங்கள் பக்கத்து வாசனைக்குத் தட்டோடு வந்து நிற்பார்கள். நெய் ஊற்றிக் கொடுப்பான். அந்த நாட்கள் அப்படியே நீண்டுகொண்டிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அவனுக்கும் அம்மிணிக்கும் கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. ஊருக்குப் போனால் கேள்வி, போனில் கேள்வி. டாக்டர்களிடம் அலைந்து, நடுவில் ஒருமுறை தங்கி, தங்காமல் போயிற்று. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் அம்மிணி மறுபடி உண்டானாள். எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்கூட அவளுக்குப் பயம்தான் முதலில் வந்தது.

ஊரிலிருந்து அவன் அம்மா போனில் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்களாம். பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் உயிர் எடுக்கக் கூடாது. பாம்பைக்கூட அடிக்கக் கூடாது. இது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். என் மனைவி உண்டாகியிருந்தபோது நான் ஊரில் இருந்தேன். கோழி அறுக்கக்கூட என்னை விடவில்லை, அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள்.

அம்மிணி படித்தவள், லேபில் வேலை செய்தவள். ஆனால் அவள் அவனிடம் சொன்னது எனக்கு முன்னால்தான்: “எனக்கு இதுல நம்பிக்கை இருக்குதா இல்லியான்னு கேக்காதீங்க. இந்த ஒரு சீசன் மட்டும் வேண்டாம். புள்ள பொறக்கட்டும், அப்புறம் நீங்க யானையவே சுடுங்க.”

“சத்தியமா சுடமாட்டேன்” என்றான் அவன். “துப்பாக்கிய வீட்டுலயே வெச்சுட்டுப் போறேன். மாப்ள பட்டினி கெடப்பான், சமைக்க மட்டும் போயிட்டு வந்துர்றேன்.”

அவள் சிரித்து, சரி என்றாள். குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் அந்த வருடம் வேறு பேச்சு கிடையாது.

நவம்பரில் பருவம் தொடங்கிய வாரம் போனோம். அவன் தன் ரிவால்வரை எடுத்து வரவில்லை. வழியெல்லாம் நான் கிண்டல் பண்ணிக்கொண்டு வந்தேன். “தவசுப்பிள்ளை, நாளைக்கு என்ன மெனு?” என்றால், “நீ மொதல்ல எதையாவது சுடு, அப்புறம் மெனு கேளு” என்பான். பெண் பிறந்தால் என்ன பெயர், பையன் என்றால் என்ன பெயர் என்று ஒரு பெயர்ப்பட்டியலே மனதுக்குள் வைத்திருந்தான். பெண் பெயர்கள்தான் அதிகம்.

மறுநாள் விடிவதற்கு முன் நான் பிளைண்டுக்குப் போனேன். பிளைண்ட் என்பது ஒட்டுப்பலகையில் அடித்த ஒரு கூண்டு. உள்ளே ஒரு நாற்காலி, நாலு பக்கமும் திட்டிவாசல். முகாமிலிருந்து ஒரு மேடு தாண்டியிருந்தது. வெளிச்சம் வந்து வெகு நேரம் கழித்து, சீடர் புதரின் ஓரத்தில் ஒரு கலைமான் வந்து நின்றது. என் தூரத்துக்கு உள்ளேதான். காதடைப்பானை மாட்டிக்கொண்டேன். ரிவால்வரின் சத்தம் கூண்டுக்குள் காதைக் கிழித்துவிடும். மாட்டாமல் சுடாதீர்கள் என்று இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறேன். மான் குறுக்காகத் திரும்பட்டும், தோளுக்குப் பின்னால் இடம் தெரியட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது திரும்புவதாகத் தெரியவில்லை. நானும் அசையவில்லை.

அப்போது காதடைப்பானையும் மீறி ஒரு வெடிச் சத்தம் கேட்டது. முகாம் பக்கமிருந்து. என் மான் ஒரே துள்ளில் மறைந்துபோயிற்று.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. என் பழைய ரிவால்வர் ஒன்று வண்டியில், சீட்டுக்கு அடியில் இருந்தது. இவன் பொழுது போகாமல் தகர டப்பாவை வைத்துச் சுட்டு விளையாடுகிறான், வந்து நாலு கேள்வி கேட்கிறேன் என்று கறுவிக்கொண்டு மேடேறி இறங்கினேன்.

முகாமில் அரிசிம்பருப்பு தீய்ந்த வாடை. அவன் அடுப்பருகில் இல்லை. மாடுகளுக்காகக் கட்டியிருந்த தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நின்றான். காலடியில் ஒரு மான் கிடந்தது. அதன் வலது முன்னங்கால் முட்டிக்குக் கீழே உடைந்து தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காயம் அவன் சுட்டதில்லை, பழையது. ரத்தம் காய்ந்து ஈ மொய்த்திருந்தது. பக்கத்து நிலத்தில் யாரோ முந்தைய நாள் சுட்டுவிட்டுத் தேடாமல் போயிருக்க வேண்டும். அவன் சுட்டது கழுத்தில், ஒரே குண்டு.

“தண்ணி குடிக்க வந்துச்சு மாப்ள” என்றான். “என்னையப் பாத்தும் ஓடல. ஓட முடியல. குனிஞ்சா முட்டி மடங்கி விழுவுது. மறுபடி எந்திரிக்குது, மறுபடி விழுவுது. தொட்டித் தண்ணி மூஞ்சிக்கு நேரா இருக்குது, குடிக்க முடியல. உன்னைக் கூப்புட்டேன். மேட்டு மேல நின்னு கத்துனேன். நீ வரல.”

நான் காதை மூடிக்கொண்டிருந்தேன்.

காயப்பட்டதை அப்படியே விடக் கூடாது, முடித்து வைப்பதுதான் வேட்டைக்காரனின் முதல் தர்மம் என்று அந்த முகாமில் நூறு தடவை பேசியிருக்கிறோம். அவன் சொன்ன வாக்கு ஒன்று, எங்கள் தர்மம் ஒன்று. இரண்டும் அந்தத் தொட்டியோரம் முட்டிக்கொண்டபோது பக்கத்தில் நான் இல்லை. ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தேன், அவ்வளவுதான். நான் வந்திருந்தால் என் கையால் முடித்திருப்பேன். எனக்கு எந்த விரதமும் இல்லை. அதை நினைக்காத நவம்பர் இல்லை.

இருவரும் மானைக் கிழித்துச் சுத்தம் பண்ணி ஓக் மரத்தில் தொங்கவிட்டோம். வெயில் ஏறுவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கறி கெட்டுவிடும். கையைக் கழுவும்போதுதான் சொன்னான்.

“மாப்ள, இது நீ சுட்டதா இருக்கட்டும்.”

“அம்மிணிகிட்ட உள்ளதைச் சொன்னா புரிஞ்சுக்கும்டா. வாயில்லாச் சீவன் துடிச்சிட்டிருந்துது, நீ முடிச்சு வெச்சே. இதுல என்ன பாவம்?”

“உனக்குப் புரியுது. எனக்கும் புரியுது. இத்தன வருசம் கழிச்சு உண்டாயிருக்கறா. இது தெரிஞ்சா நாளைக்கு ஒரு தலவலி வந்தாக்கூட இதையேதான் நெனப்பா. வேண்டாம் மாப்ள.”

சட்டப்படி சுட்டவன்தான் தன் பெயர் போட்ட டேகை மானில் கட்ட வேண்டும். நான் என்னுடையதைக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மிணி ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “யாருங்ணா சுட்டது?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவன் ஷூ கழற்றுவதுபோல் குனிந்துகொண்டான்.

“நான்தான், வேற யாரு? இவன் சோத்தைத் தீச்சதுதான் மிச்சம்” என்றேன்.

அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. உயிர் எடுக்கத்தான் தடை, தின்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை என்று அவளே சமைத்து அவளே இரண்டு தட்டு சாப்பிட்டாள். அவன் வயிறு சரியில்லை என்று மோர் குடித்தான்.

குழந்தை மார்ச் மாதம் பிறந்தது. பெண். நானும் என் மனைவியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அம்மிணி களைப்பாகச் சிரித்தாள். அவன் என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

“வலது காலு மாப்ள” என்றான். “பாதம் உள்பக்கமா மடங்கியிருக்குது. அதே வலது காலு.”

எனக்கும் ஒரு கணம் அந்தத் தொட்டியோரம் ஞாபகம் வந்தது உண்மை. ஆனால் டாக்டர் வந்து விளக்கியபோது பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்தது. நிறையக் குழந்தைகள் இப்படிப் பிறக்கின்றன. வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பலாம். தேவைப்பட்டால் குதிகால் தசைநாரில் சின்ன ஆபரேஷன். மற்றக் குழந்தைகளைப் போல் ஓடுவாள். நான் அவனைத் திட்டினேன். “நீயெல்லாம் ஒரு இன்ஜினியரா? மானுக்கும் உன்ற புள்ள காலுக்கும் என்னடா சம்பந்தம்?” அவன் தலையை ஆட்டினான். ஒத்துக்கொண்டான் என்று நினைத்தேன். தலையாட்டுவதற்கும் ஒத்துக்கொள்வதற்கும் உள்ள தூரம் எனக்கு அப்போது தெரியவில்லை.

அடுத்த பருவத்துக்குள் அவன் தன் ரிவால்வரை விற்றுவிட்டான். இரும்புச் சட்டியை ஒருநாள் என் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, மணியடிக்காமல் போய்விட்டான். நான் போன் பண்ணினால் அம்மிணிதான் எடுப்பாள். அவர் தூங்குகிறார், அவர் வெளியே போயிருக்கிறார். என்னைப் பார்த்தால் அவனுக்கு அந்தத் தொட்டி ஞாபகம் வருகிறது என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததே தவிர வலிக்காமல் இல்லை. கொஞ்ச நாளில் வேறு வேலை கிடைத்து நியூ ஜெர்சிக்குப் போய்விட்டார்கள். வழியனுப்பக்கூடச் சொல்லவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நீ கூப்பிடாவிட்டால் நானும் கூப்பிட மாட்டேன் என்று இருந்தேன். அந்த ரோஷத்தை அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றினேன்.

புது நூற்றாண்டு பிறந்த பிறகு, ஜெர்சியில் ஒரு சுத்திகரிப்பு ஆலைக்கு வால்வு பார்க்க என்னை அனுப்பினார்கள். ரோஷத்தை ஹூஸ்டனிலேயே விட்டுவிட்டு அம்மிணிக்குப் போன் பண்ணினேன். “ஹோட்டல்ல தங்குனீங்கன்னா நான் பேசவே மாட்டேனுங்ணா” என்றாள். பிரிட்ஜ்வாட்டரில் பெருமாள் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் அவர்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை போனேன். அவன் கதவைத் திறந்து, ஒரு நொடி நின்று, பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். தலை நரைத்திருந்தது. அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்து, “ஹாய் அங்கிள்” என்றாள். மாமா என்று சொல்லு என்று அம்மிணி உள்ளிருந்து கத்தினாள். அந்தப் பெண் படிக்கட்டில் தடதடவென்று ஏறி ஓடினாள். நான் அவள் காலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை.

சாப்பாட்டுக்குத் தயிர் போதாது என்று அவனும் பெண்ணும் கடைக்குப் போனார்கள். அம்மிணி காப்பி போட்டாள்.

“அவளுக்கு ஒரு பாதம் மட்டும் கொஞ்சம் சின்னதுங்ணா” என்றாள். “ரெண்டு சைஸ்ல ரெண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஷூவை எடுத்துக்குவோம். மத்தபடி சாக்கர்லாம் ஆடறா.” காப்பியை ஆற்றினாள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். எனக்கு முன்னாடியே தெரியுமுங்ணா. ஸ்கேன்லயே சொல்லிட்டாங்க.”

“எப்ப?”

“அக்டோபர்ல. நீங்க ரெண்டு பேரும் கேம்ப்புக்குப் போறதுக்கு முன்னாடி. அப்ப அவரு லூசியானாவுல வேலையா இருந்தாரு, நான் மட்டும்தான் போனேன். வலது பாதம் உள்ள திரும்பியிருக்குது, பொறந்ததும் சரி பண்ணிரலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

“அவங்கிட்ட ஏன் சொல்லல அம்மிணி?”

“சொன்னா அத்தைகிட்ட சொல்லிருவாரு. அவங்க, முன்னால சுட்டதெல்லாம் சேந்து வந்துச்சுன்னு சொல்லுவாங்க. இவரு வெளிய சிரிப்பாரு, உள்ளுக்குள்ள நம்பிருவாரு. அவரைப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா? கேம்ப்புக்கும் போயிருக்க மாட்டாரு. பாவம், அவருக்கு அது ஒண்ணுதான் சந்தோசம்.” டம்ளரை என் முன்னால் வைத்தாள். “ஆனா அந்த வருசம் அவரு வாக்கைக் காப்பாத்துனாருங்ணா. புள்ள காலைப் பாத்து யாரு என்ன சொன்னாலும் எம்புருசன் ஒரு எறும்பைக்கூடக் கொல்லலைன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். அதுதான் எனக்குத் தெம்பு. இதை அவருகிட்ட சொல்லிராதீங்க. இத்தன நாள் மறைச்சுட்டேன்னு வருத்தப்படுவாரு.”

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து அவன் மறைத்தான். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் மறைத்தாள். அவன் மறைத்ததை நான் அறிவேன். அவள் மறைத்தது இத்தனை வருடம் கழித்து இந்தச் சமையலறையில்தான் எனக்குத் தெரிகிறது. ரோஷம் பார்க்காமல் நான் ஒரு முறை வந்திருந்தால், ஒரு காப்பி குடித்திருந்தால், இது எப்போதோ தெரிந்திருக்கும். அவன் மறைத்ததை அவளிடம் சொன்னால் அவள் தெம்பு போய்விடும். அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் அவள் சொன்னதை அவனிடமிருந்து மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் கேட்டுக்கொண்டதை மீறுகிறேன் என்று தெரிந்தேதான் முடிவு பண்ணினேன்.

சாப்பிட்டு முடித்து நான் கிளம்பியபோது அவன் டிரைவ்வே வரை வந்தான். காருக்குப் பக்கத்தில் நிறுத்திச் சொன்னேன். அக்டோபர் ஸ்கேன். வலது பாதம். நாம் போவதற்கு முன்னால்.

அவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான். “அக்டோபரா? நல்லாத் தெரியுமா?”

“அம்மிணி வாயால சொல்லுச்சு. அந்த மான் தொட்டிக்கு வர்றதுக்கு முன்னாடியே புள்ள கால் அப்படித்தான்டா இருந்துது. உனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

அவனுக்குப் பாரம் இறங்கும், சிரிப்பான், என்னைக் கட்டிக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் கராஜ் படியில் போய் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“அவ காலை நான் தொட்டதே இல்ல மாப்ள” என்றான். “மாவுக்கட்டு மாத்தறப்ப, ஆபரேஷன் புண்ணுக்கு மருந்து போடறப்ப, சாக்ஸ் மாட்டறப்ப, எல்லாம் அவங்கம்மாதான். எங்கைல பட்டா மறுபடி திரும்பிக்குமோன்னு பயம். நடக்கக் கத்துக்கறப்பக்கூட நான் கையைத்தான் புடிச்சேன். அந்தக் காலை ஒரு நாள் ஒரு தடவ நான் தொட்டதில்ல.”

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம், ஒரு குழந்தையின் குழந்தைப் பருவத்தையே தின்றுவிட்டிருந்தது.

அப்போது கதவைத் திறந்துகொண்டு மகள் வந்தாள், கையில் இரண்டு ஷூவும், காலில் சாக்ஸுமாக. அங்கிளுக்கு டாட்டா சொல்ல வந்தாளாம். அவன் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாடா கண்ணு, அப்பா மாட்டி விடறேன்” என்றான். அவள் படியில் உட்கார்ந்து இடது காலை நீட்டினாள். மாட்டி, லேஸைக் கட்டினான். பிறகு மற்ற ஷூவை எடுத்து, அவள் வலது காலை நோக்கிக் கையைக் கொண்டுபோனான்.

அவள் காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டாள்.

“நோ டாடி” என்றாள், கோபமில்லாமல், தெரியாதவருக்கு எடுத்துச் சொல்வது போல. “மம்மி டஸ் தட் ஒன்.”

சொல்லிவிட்டு, அந்த ஒரு ஷூவை மட்டும் அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அம்மாவைத் தேடி உள்ளே போனாள்.